எதிர்கால வாக்காளர் இடாப்பில் எம் பிள்ளைகள்

பதினான்கு வயதுப் பிள்ளை வாக்களிக்க முடியாது. ஆயினும், நாளை வாக்களிக்கப் போகின்றவர் என்று அரசின் பதிவேடொன்றில் அப்பிள்ளை தன் பெயரை இன்றே எழுதிவைக்கலாம். கனடாவில் 2018 டிசம்பர் 13 ஆம் நாள் அரச ஒப்புதல் பெற்ற தேர்தல் நவீனமயமாக்கற் சட்டம் இதற்கு வழி திறந்தது. 14 முதல் 17 வயது வரையுள்ள கனடியப் பிரசைகளுக்கென 'எதிர்கால வாக்காளர் பதிவேடு' ஒன்று அதன்படி உருவாயிற்று. பிள்ளை 18 வயதை அடைந்ததும், தகுதி சரிபார்க்கப்பட்டு, பெயர் தேசிய வாக்காளர் பதிவேட்டுக்கு மாற்றப்படுகின்றது. ஒன்ராறியோ மாகாணமும் 2016 இல் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் 16, 17 வயதினருக்கு இத்தகையதொரு பதிவேட்டை ஏற்படுத்தியிருக்கின்றது.

இச்செய்தியை எம்மவர் வீடுகளிற் சொல்லும்போது முதலில் எழுகின்ற கேள்வி ஒன்றுதான்: "வாக்கே இல்லாத பிள்ளையின்ர பேரை ஏன் இப்பவே குடுக்க வேணும்?" கேட்பவரை அறியாமை உடையவர் என்று ஒதுக்கிவிட நாம் முற்படவில்லை. அக்கேள்விக்குப் பின்னால் ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு நிற்கின்றது. அந்த வரலாற்றைப் பேசாமல் இப்பதிவேட்டைப் பேசுவதிற் பயனில்லை.

அச்சத்தின் வேர்

1983 யூலையில் கொழும்பின் வீதிகளிற் புகுந்த வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டே தமிழரின் வீடுகளை இனங்கண்டன. அண்டை அயலிற் சிங்கள வீடு எது, தமிழ் வீடு எது என்று கேட்டறிய வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இலக்கமும் பெயரும் தாளில் இருந்தன. வாக்களிப்பதற்கென எழுதப்பட்ட பெயர், வீட்டைக் கொளுத்துவதற்கான முகவரியாயிற்று. அந்த நாட்களைக் கடந்து வந்த தாயோ தந்தையோ பெயர்ப்பட்டியல் என்றதும் பின்வாங்குவது இயல்பே. அதற்குப் பின்னர் வந்த பதிவுகளும், சோதனைச் சாவடிகளும், அடையாள அணிவகுப்புகளும் அவ்வச்சத்தை மேலும் இறுக்கின.

ஆனால் எமது வரலாற்றில் இதற்கு மறுபக்கமும் உண்டு. பட்டியலிற் பெயர் இருந்தமையால் வந்த அழிவு 1983 எனில், பட்டியலிற் பெயர் இல்லாமற் போனமையால் வந்த அழிவு 1949. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதனைத் தொடர்ந்து 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் அவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றியது. 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர்கள் நாடாளுமன்றம் சென்றிருந்தனர். 1952 தேர்தலில் ஒருவர்தாமும் செல்லவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் 1977 இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தெரிவாகும் வரை கால் நூற்றாண்டு கழிந்தது. அந்த இடைக்காலத்திலேதான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964 இல் கைச்சாத்தாயிற்று. இலட்சக்கணக்கான மக்களை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று இரு அரசுகள் பேசி முடித்தபோது, அம்மக்களுக்கு வாக்கு இருக்கவில்லை. ஆகவே அவர்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை.

இவ்விரண்டு ஆண்டுகளையும் ஒருசேர நினைவிற் கொள்வோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பட்டியல் என்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அதனை வைத்திருப்பவர் யார், பார்க்கக் கூடியவர் யார், வேண்டாதபோது அதிலிருந்து பெயரை எடுத்துக்கொள்ள முடியுமா என்னும் மூன்று கேள்விகளே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றன. முன்பதிவுத் திட்டத்தையும் இந்த உரைகல்லிலேயே உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஏன் முன்கூட்டியே?

கனடாவில் ஒரு காலத்திற் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று வாக்காளரின் பெயர்களைத் திரட்டினர். கூட்டாட்சித் தேர்தலுக்கான அத்தகைய இறுதிக் கணக்கெடுப்பு 1997 ஏப்ரலில் நடைபெற்றது. அதன்பின் நிரந்தரப் பதிவேடு வந்தது. வருமான வரித் திணைக்களம், சாரதி அனுமதிப்பத்திர அலுவலகம் போன்றவற்றின் தரவுகளைக் கொண்டு அது புதுப்பிக்கப்படுகின்றது. ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் வரி செலுத்தாத, வாகனம் ஓட்டாத, பெற்றோருடன் நிலக்கீழ் வீடொன்றில் வாழும் 18 வயது மாணவர் இந்த வலையிற் சிக்குவதில்லை. கதவைத் தட்டுவோர் இப்போது எவருமில்லை.

வாக்களிப்பு நாளன்று நிலையத்திலேயே பதிந்துகொள்ளலாமே எனச் சிலர் கூறக்கூடும். கனடாவில் அவ்வசதி உண்டு. ஆனால் எந்த நிலையத்துக்குச் செல்ல வேண்டும் என்று கூறும் வாக்காளர் தகவல் அட்டை, பதிவேட்டிற் பெயர் உள்ளவர்க்கே தபாலில் வருகின்றது. நாளன்று பதிய வருபவர் தம் முகவரியை நிறுவ வேண்டும். மின்சாரக் கட்டணமும் தொலைபேசிக் கட்டணமும் தகப்பனார் பெயரில் இருக்கும் வீட்டில், 18 வயதுப் பிள்ளையின் பெயருக்கு வரும் கடிதம் எத்தனை? வரிசையில் நின்று, கேட்கப்பட்ட கடதாசி கையில் இல்லையென்று திரும்பி வரும் பிள்ளை அடுத்த தேர்தலுக்குப் போவது அரிது.

பிரித்தானியாவில் நிகழ்ந்ததும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. முன்னர் வீட்டுத் தலைவர் ஒருவரே வீட்டிலுள்ள எல்லோரின் பெயரையும் ஒரு படிவத்தில் எழுதியனுப்பினார். விரைவில் 18 வயதை அடையவிருக்கும் பிள்ளையின் பெயரும் அதிற் சேர்ந்துகொண்டது. 2014 இல் தனியாட் பதிவுமுறை நடைமுறைக்கு வந்தது. தந்தை எழுதினாற் போதாது, ஒவ்வொருவரும் தாமே பதிய வேண்டும் என்றாயிற்று. அதனையடுத்து 16, 17 வயதினரின் பதிவு வெகுவாகக் குறைந்தது. சட்டம் எவருடைய உரிமையையும் பறிக்கவில்லை. ஆயினும் நடைமுறை மாறியபோது முதலில் உதிர்ந்தவர்கள் இளையவர்களே.

தாயகத்தின் எடுத்துக்காட்டு இன்னுந் தெளிவானது. இலங்கையில் வாக்களிக்கும் வயது 1959 இல் 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் இடாப்பு, ஆண்டுதோறும் யூன் 1 ஆம் திகதியைத் தகுதி நாளாகக் கொண்டு தயாரிக்கப்பட்டு வந்தது. 2019 நவம்பர் 16 ஆம் நாள் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலுக்குப் பயன்பட்டது 2018 ஆம் ஆண்டின் இடாப்பு. 2018 யூன் 2 ஆம் நாள் 18 வயதை எட்டியவர் தேர்தல் நாளன்று 19 வயதும் ஐந்து மாதமும் நிரம்பியவராக இருந்தும் வாக்களிக்க முடியவில்லை. அரசியலமைப்பு கொடுத்ததை ஒரு திகதி தடுத்து வைத்திருந்தது. துணை இடாப்புகளைத் தயாரிக்க இடமளிக்கும் திருத்தம் 2021 இல்தான் வந்தது.

உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கின்றது. வாக்கு இடாப்பில் இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குறைப்பதே முன்பதிவின் நோக்கம்.

வட கரோலினா கற்பிக்கும் பாடம்

இது வெறும் அலுவலக நடைமுறை, இதில் அரசியல் எங்கே என எண்ணுவோர் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தை நோக்குதல் நன்று. அமெரிக்காவில் 18 வயதினர் அனைவருக்கும் வாக்குரிமை 1971 இல் நிறைவேறிய 26 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினாற் கிடைத்தது. ஆனால் அங்கு வாக்காளராகப் பதிவது பெரும்பாலும் தனிமனிதர் தலையிலேயே விழுகின்ற பொறுப்பு. ஹவாய் மாநிலம் 1993 இல் 16 வயதினரை முன்பதிவு செய்ய அனுமதித்து வழிகாட்டியது. வட கரோலினா 2009 இல் அவ்வாறே சட்டமியற்றியது. சாரதி அனுமதிப்பத்திரம் பெறச் செல்லும்போதும், பாடசாலைகளில் நடக்கும் பதிவு இயக்கங்களின்போதும் 16, 17 வயது மாணவர் தம் பெயரைக் கொடுத்தனர். 18 வயதை அடைந்ததும் அவர்கள் வாக்காளராயினர்.

2013 ஓகஸ்டில் அதே மாநிலம் முன்பதிவை ஒழித்தது. நிழற்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்குதல், முன்கூட்டிய வாக்களிப்பு நாட்களைக் குறைத்தல் போன்ற ஏற்பாடுகளோடு ஒரே சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டது. எப்போது வாக்களிக்கலாம் என்பதில் இளையோர்க்குக் குழப்பம் நேர்கின்றது என்பது அரசு கூறிய காரணம். வழக்குத் தொடரப்பட்டது. முன்பதிவைக் கறுப்பின இளையோர் தம் விகிதாசாரத்துக்கு மேலாகப் பயன்படுத்தி வந்தமை வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. 2016 யூலை 29 ஆம் நாள் நான்காம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், அச்சட்ட ஏற்பாடுகள் இனப்பாகுபாட்டு நோக்குடன் இயற்றப்பட்டவை எனத் தீர்ப்பளித்து அவற்றைத் தள்ளிவைத்தது. முன்பதிவு மீண்டது. 2017 மே மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மீளாய்வு செய்ய மறுத்தது.

பதினாறு வயதுப் பிள்ளையின் பெயரால் எதுவும் ஆகாதென்றால், அதனைத் தடுக்க ஒரு சட்டமன்றம் ஏன் முனைந்தது? அப்பெயர்கள் இரண்டு ஆண்டுகளில் வாக்குகளாகும் என்பதை அறிந்திருந்தமையாலன்றோ! சிறுபான்மையினரின் பிள்ளைகள் இடாப்பில் ஏறுவதை அதிகாரம் எவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒன்றையும் இங்கே நேர்மையுடன் குறிப்பிடுதல் வேண்டும். முன்பதிவை ஆராய்ந்த அமெரிக்க அரசியல் அறிஞர்களான ஹோல்பைனும் ஹில்லிகஸும், அது இளையோரின் வாக்களிப்பைக் கூட்டுகின்றது என்றும், ஒரு கட்சிக்கு மட்டும் நன்மை செய்வதன்று என்றும் கண்டனர்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

எமது வாசகர்கள் பல நாடுகளிற் சிதறி வாழ்வதால் ஒவ்வொரு நாட்டின் வழக்கத்தையும் சுருக்கமாகத் தருகின்றோம். ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் வதிவாளர் பதிவேட்டிலிருந்தே வாக்காளர் பட்டியல் தயாராவதால், பிரசாவுரிமை பெற்ற பிள்ளை தனியாகப் பதிய வேண்டியதில்லை. பிரான்சில் 16 வயதை அடைந்த பிரெஞ்சுப் பிரசைகள் எம்மவர் 'மேரி' என்றழைக்கும் நகரசபை அலுவலகத்திற் பதிந்துகொள்ளல் கட்டாயம். 1997 ஆம் ஆண்டின் சட்டப்படி, அவ்வாறு பதிந்தவரின் பெயர் 18 வயதில் வாக்காளர் பட்டியலிற் தானாகவே சேர்கின்றது. பரீட்சைகளுக்கு விண்ணப்பிக்கவும் இது தொடர்பான சான்றிதழ் கேட்கப்படுவதால், அதன் மற்றைய பயன் பலரின் கண்ணிற் படுவதில்லை. வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறந்த பிள்ளை, வதிவிட நிபந்தனைகள் நிறைவேறினால், 13 வயதிலிருந்து பெற்றோர் மூலமும் 16 வயதிலிருந்து தானாகவும் பிரெஞ்சுப் பிரசாவுரிமையைக் கோரலாம் என்பதும் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது.

வாக்களிப்பதே கட்டாயமாகவுள்ள அவுஸ்திரேலியாவில் 16 வயதிலேயே பெயரைப் பதியலாம். பிரித்தானியாவில் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 16 வயதிற் பதியலாம். ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் தத்தம் நாடாளுமன்றத் தேர்தல்களுக்கும் உள்ளூராட்சித் தேர்தல்களுக்கும் வாக்களிக்கும் வயது 16 என்பதால், அங்கு 14 வயதிலேயே பதிவு தொடங்குகின்றது. பிரித்தானியா முழுவதற்குமான தேர்தல்களிலும் வயதை 16 ஆகக் குறைக்கப் போவதாக அந்நாட்டு அரசு 2025 யூலையில் அறிவித்தது.

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. அங்கு வாக்களிக்கப் பிரித்தானியப் பிரசையாக இருத்தல் கட்டாயமன்று. பொதுநலவாய நாடுகளின் பிரசைகள், வதிவிட அனுமதி பெற்றிருப்பின், பொதுத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகளே. ஆகவே அகதி அந்தஸ்துப் பெற்று, இன்னும் இலங்கைப் பிரசையாகவே இருக்கும் பெற்றோரும் அவர்தம் 16 வயதுப் பிள்ளையும் ஒரே வேளையில் இடாப்பிற் பதியலாம்.

பதியக்கூடாதவர் யார்?

உரிமையை வலியுறுத்தும் அதே அழுத்தத்துடன் எச்சரிக்கையையும் கூறுதல் எமது கடன். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் முன்பதிவு பிரசைகளுக்கு மட்டுமே உரியது. நிரந்தர வதிவாளர் பதிய முடியாது. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவரும் பதிய முடியாது. குறிப்பாக அமெரிக்காவில், பிரசை அல்லாதவர் தம்மைப் பிரசை என்று கூறிப் பதிவது நாடுகடத்தலுக்கே காரணமாகக் கூடும். பாடசாலையில் எல்லோரும் நிரப்புகின்றனர் என்று எண்ணித் தம் நிலை அறியாத பிள்ளையும் ஒரு படிவத்தை நிரப்பிவிடலாம். எனவே பிள்ளையின் குடிவரவு நிலையைப் பிள்ளைக்கு மறைத்து வைப்பது நன்றன்று. எமது வீடுகளில் இவ்விடயம் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுகின்றது. 14 வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருத்தல் அவசியம். ஐயம் இருப்பின் படிவத்தைத் தொடாமல் முதலில் சட்டத்தரணியையோ அகதிகளுக்கான சட்ட உதவி நிலையத்தையோ நாடுவதே முறை.

மறுபுறம், பெற்றோர் இருவரும் தஞ்சக் கோரிக்கையாளராக இருந்தும் கனடாவிற் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே பிரசையாகின்றது. அத்தகைய குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். வழக்கு நீண்டு, பெற்றோர் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க, அவ்வீட்டிலிருந்து இடாப்பில் ஏறக்கூடிய ஒரே பெயர் அப்பிள்ளையினுடையதே. அப்பிள்ளை பதிவதனாற் பெற்றோரின் வழக்கிற்கு நேரடி நன்மை எதுவும் விளையாது. அவ்வாறு எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். ஆனால் குடிவரவுச் சட்டங்களை இயற்றுவோரைத் தெரிவு செய்யும் நாளில், அச்சட்டங்களின் சுமையை அறிந்த வீடொன்றிலிருந்து ஒருவர் வாக்குச்சாவடிக்குச் செல்வார். 2011 இல் ஸ்காபரோ-ரூஜ் றிவர் தொகுதியிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவானபோது, அவரைத் தெரிவு செய்தவர்களில் அகதிகளாக வந்து பிரசைகளானோரும் இருந்தனர். 1952 இல் மலையகத்துக்கு இல்லாதிருந்தது அது.

பெயரை யார் பார்க்கிறார்கள்?

இனி, மூன்று கேள்விகளுக்கும் விடை காண்போம். கனடாவின் எதிர்கால வாக்காளர் பதிவேட்டை வைத்திருப்பது அரசியற் கட்சிகளிலிருந்து வேறுபட்டு இயங்கும் கனடியத் தேர்தல் அலுவலகம். அதிலுள்ள விபரங்கள் கட்சிகளுக்கோ வேட்பாளர்களுக்கோ கொடுக்கப்படுவதில்லை. பதிவதும் விலகுவதும் அவரவர் விருப்பம். ஆனால் 18 வயதில் தேசியப் பதிவேட்டுக்கு மாறிய பின்னர் நிலை வேறு: பெயரும் முகவரியும் அடங்கிய பட்டியல் கட்சிகளுக்குச் சட்டப்படி வழங்கப்படுகின்றது. அதனை விரும்பாதவர் பதிவேட்டிலிருந்து விலகிக்கொள்ளலாம். விலகியவரும் வாக்களிக்கும் உரிமையை இழப்பதில்லை. பிரித்தானியாவில் இடாப்பின் திறந்த பதிப்பை எவரும் விலைக்கு வாங்க முடியும். அதில் தம் பெயர் வேண்டாம் என்று கூறிவிட வாக்காளர்க்கு உரிமையுண்டு. உயிராபத்து உள்ளவர் தக்க சான்றுடன் பெயர் வெளியாகாமற் பதியவும் அங்கு ஏற்பாடு இருக்கின்றது. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் 16 வயதுக்குட்பட்டோரின் விபரங்கள் வெளியிடப்படும் இடாப்பிற் சேர்க்கப்படுவதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டறிந்து முடிவு செய்தலே அறிவுடைமை. அச்சத்தினால் மட்டும் விலகுவதும், கவனமின்றிக் கையொப்பமிடுவதும் ஆகிய இரண்டும் எம்மவர்க்கு ஏற்கெனவே பெருவிலை கேட்டவை.

பெற்றோர்க்கு

பதியும்போது பெயரை எழுதும் முறையிற் கவனம் வேண்டும். எமது வழக்கில் தந்தை பெயர் முன்னெழுத்தாகவும், அந்நிய நாட்டுப் படிவத்திற் குடும்பப் பெயராகவும் மாறிமாறி நிற்கின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், பாடசாலையில் ஒருவிதம் என்றிருந்தால், வாக்களிப்பு நிலையத்தில் அடையாள அட்டையும் இடாப்பும் பொருந்தாமற் போகலாம். பிள்ளையின் பிரசாவுரிமை ஆவணத்தில் உள்ளவாறே எழுதுவது நன்று. வாடகை வீடு மாறும்போது முகவரியையும் மாற்றிக் கொடுங்கள். பழைய முகவரிக்குச் செல்லும் அட்டையால் எவர்க்கும் பயனில்லை. கனடாவில் 14 முதல் 17 வயதுள்ள பிரசை வருமான வரிப் படிவம் நிரப்புமிடத்து, அதிலுள்ள தேர்தல் அலுவலகத்துக்கான கட்டத்தின் மூலமும் இப்பதிவுக்குச் சம்மதம் தெரிவிக்கலாம்.

இன்னுமொன்று. முன்பதிவு எந்தக் கட்சியிலும் சேர்வதன்று. பிள்ளை நாளை யாருக்கு வாக்களிக்கும் என்பதைப் பெற்றோர் இன்றே தீர்மானிக்க எண்ணினால், அந்தப் பெயரைப் பதிவதிற் பொருளில்லை. வீட்டிற் செய்தித்தாளைச் சேர்ந்து வாசியுங்கள். நகரசபை உறுப்பினர் யார், நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று பிள்ளையையே கேளுங்கள். அதிகாரியின் கடிதத்தை மொழிபெயர்த்துத் தருவதற்கு மட்டும் எமது வீடுகளில் அழைக்கப்படும் பிள்ளை, அக்கடிதத்தை அனுப்பிய அரசைத் தெரிவு செய்வோருள் தானும் ஒருவர் என்பதை 16 வயதில் அறியட்டும்.

வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தி எம் வாசலுக்கு வந்தவர்களை நாம் மறக்கப் போவதில்லை. இடாப்பிலிருந்து எம்மவர் பெயர்களை வெட்டியவர்களையும் மறத்தலாகாது. இவ்விரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொன்ன பின்னர், அவர்களுக்கு உரிமையுள்ள நாட்டில், அவர்கள் பெயரை அவர்களே தம் கையால் எழுத விடுங்கள்.